பாகம் பாகமாய் ஒரு டெலிகாஸ்டர்: பாடிக்கு எந்த மரம், காசை எதில் போடுவது?

ஆறுகம்பி (உவர்மலை)

எல்லாருக்கும் வணக்கம். டெலிகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிற்றார் ஒன்றைப் பாகம் பாகமாய்ச் சேர்த்துப் பூட்டப் போகிறேன். இப்போதைக்குக் கையில் இருப்பது ஒரு மேப்பிள் நெக் (கழுத்துப் பகுதி) மட்டும். கனடாவில் இருந்து வந்த சித்தப்பா பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். 21 ஃப்ரெட் (விரல் பலகையின் குறுக்குக் கட்டைகள்), அடிப்பக்கம் சதுரமாய் வெட்டியது, கம்பியை முறுக்கும் டியூனருக்கான ஓட்டைகள் 10 மி.மீ.

பாடி, அதாவது உடல் பலகைதான் பிரச்சினை. கொழும்பில் பாடியைத் தனியாகக் கேட்டால் முழுக் கிற்றாரைக் காட்டுகிறார்கள். வெளிநாட்டில் இருந்து எடுப்பித்தால் தபால் செலவு பாடியின் விலையைத் தொட்டுவிடுகிறது. அதனால் இங்கேயே மரம் வாங்கி வெட்டுவிக்க யோசிக்கிறேன். பலா, மகோகனி, தேக்கு, முதிரை எல்லாம் மரக்காலையில் இருக்கின்றன. எதை எடுக்கலாம்?

அடுத்தது காசு. மிஞ்சுவதில் பெரும்பங்கைப் பிக்கப்பில் போடலாம் என்று இருக்கிறேன். சத்தத்தைப் பிடிப்பது அதுதானே? தேவாலயத்தில் பாடகர் குழுவோடு வாசிக்கிறேன். பாலையூற்றுப் பக்கம் கலியாண வீடுகளில் பைலா ஆட்டப்பாட்டுகளும் வாசிப்பது உண்டு. கடும் டிஸ்டோர்ஷன் தேவையில்லை, தெளிவாய் வெட்டி நிற்கிற சத்தம் வேண்டும்.

கொட்டியாரன் (மூதூர்)

தம்பி, முதிரையைத் தொடாதீர்கள். கதவு நிலைக்கும் கட்டிலுக்கும் அருமையான மரம், கழுத்தில் தொங்கவிட ஏலாது. டெலி பாடி 45 மி.மீ. தடிப்பு. டெலிகாஸ்டரைச் செய்கிற ஃபெண்டர் கொம்பனிக்காரர் பாவிக்கிற ஆல்டர் மரத்தில் அது ஏறக்குறைய 2 கிலோ வரும். முதிரையின் அடர்த்தி அதைப்போல இரண்டு மடங்கு, ஆகவே பாடி மட்டுமே 4 கிலோவுக்குக் கிட்டப் போகும். கலியாண வீட்டில் மூன்று மணித்தியாலம் நின்று வாசித்தால் தோள் சொல்லிவிடும்.

தேக்கு நல்லதுதான். ஆனால் அதில் எண்ணெய்ப்பசை இருக்கிறது. இரண்டு பலகையை ஒட்டும்போது ஒட்டுமுகத்தைத் தின்னரால் துடைத்து, உடனே பசை பூசவேண்டும். உளியும், மரம் குடைகிற ரவுட்டர் மெஷினின் பிளேட்டும் கெதியாய் மழுங்கும்.

என் தெரிவு பலா, இல்லாவிட்டால் மகோகனி. நம் நாட்டில் நட்டு வளர்க்கிற பெரிய இலை மகோகனியும் கிற்றார்க் கொம்பனிகள் காலங்காலமாய்ப் பாவித்த மகோகனியும் ஒரே இனம். பலாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, வீணையும் மிருதங்கமும் அதில்தான் செய்கிறார்கள். உளிக்கு இணங்கும், காய்ந்த பிறகு முறுகாது, மஞ்சள் நிறம் வருடம் போகப் போகப் பொன் கலந்த மண்ணிறமாய் மாறும். அதற்குப் பெயின்ட் அடித்து மறைக்க மனம் வராது.

ஒன்று கவனியுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் நினைத்தபடி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஆகவே யாரோ வளவில் வெட்டியது என்று மலிவாய்த் தந்தால் வாங்காதீர்கள். மரக்காலையில் ரசீதோடு வாங்குங்கள். அதைவிட நல்லது, வீடு இடிக்கிற இடத்தில் பழைய கதவுப் பலகை அல்லது அலுமாரிப் பலகை. முப்பது நாற்பது வருடம் காய்ந்த மரம் காசுக்குக் கிடைக்காது. காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்து ஆணி முழுவதையும் பிடுங்கிவிட்டு மெஷினுக்குள் விடுங்கள்.

புதிதாய் அறுத்த பலகை என்றால் இரண்டு அந்தத்திலும் பெயின்ட் பூசி, நிழலில், காற்றோட்டத்தில் வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். நிறை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மாரி மழைக்குள் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

நிலாவெளிக் கரை

மரத்தைப் பற்றிக் கொட்டியாரன் அண்ணா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காசுக் கணக்கில் தம்பியோடு நான் உடன்படமாட்டேன்.

பிக்கப் கடைசி. நெக் முதல். இடது கை நாள் முழுக்கத் தொடுவது அதைத்தான். ஃப்ரெட் ஒன்று உயர்ந்து ஒன்று தாழ்ந்து இருந்தால் உலகத்தில் உள்ள எந்தப் பிக்கப்பும் அந்தக் கரகரப்பைத் திருத்தாது. பிக்கப் அதை இன்னும் உரத்துச் சொல்லும், அவ்வளவுதான். நெக் உங்களிடம் இருக்கிறது, நல்லது. அந்த ஃப்ரெட்டுகளைச் சமப்படுத்தி, முனைகளை அரத்தால் உருட்டி, நட்டில் (தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் துண்டு) உள்ள வெட்டுகளைச் சரியாக்குவதற்குக் காசு ஒதுக்குங்கள். அதற்குப் பிறகு பிரிட்ஜ், பாடிப் பக்கம் கம்பிகளைத் தாங்குவது. அதற்குப் பிறகு டியூனர். மிச்சம் இருந்தால் பிக்கப். ஸ்குரூ நான்கைக் கழற்றி அடுத்த வருடமும் பிக்கப் மாற்றலாம்.

இப்படிப் பூட்டிய கிற்றாரைச் சிலர் குறைவாய்ப் பேசுவார்கள். காது கொடுக்க வேண்டாம். டெலிகாஸ்டர் பிறந்ததே கழற்றிப் பூட்டுவதற்குத்தான். லியோ ஃபெண்டர் வானொலி திருத்தியவர், கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். 1950இல் அவர் கொண்டுவந்த புதுமை, நெக்கைப் பசையால் ஒட்டாமல் நான்கு ஸ்குரூவால் பூட்டியது. நெக் பழுதானால் கழற்றி எறிந்துவிட்டு வேறு ஒன்றைப் பூட்டு என்பதுதான் அவருடைய எண்ணம். முதலில் புரோட்காஸ்டர் என்று பெயர். கிரெட்ச் கொம்பனி கிட்டத்தட்ட அதே பெயரில் டிரம்ஸ் விற்றதால் 1951இல் டெலிகாஸ்டர் ஆனது. ராக் கிற்றார்க்காரர் எரிக் கிளப்டனின் 'பிளாக்கி' என்ற கிற்றாரும் 1970இல் வாங்கிய மூன்று பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களின் நல்ல பாகங்களைச் சேர்த்துப் பூட்டியதுதான். 2004 ஏலத்தில் அது 959,500 டொலருக்குப் போனது.

வயல்காற்று (தம்பலகாமம்)

நெக் முதல் என்பதை ஒத்துக்கொள்கிறேன், பிக்கப் கடைசி என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ராக் கிற்றார்க்காரர் எடி வான் ஹேலன் 50 டொலருக்கு எடுத்த இரண்டாந்தரப் பாடியில் 80 டொலர் நெக்கைப் பூட்டினார். அதற்குள் வைத்தது கிப்சன் ஈஎஸ்-335 கிற்றாரில் கழற்றிய ஹம்பக்கர், அதாவது இரட்டைச் சுருள் பிக்கப். மரம் மலிவு, பிக்கப் நல்லது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

ஆறுகம்பி, நீங்களும் பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர் வையுங்கள். இரைச்சல் தொல்லை இல்லை. பிரிட்ஜும் கிப்சனின் லெஸ் போல் கிற்றாரில் வருகிற டியூன்-ஓ-மேட்டிக் வகையை எடுத்தால் பார்க்க வடிவாய் இருக்கும். மரத்தில் இரண்டு தூண் இறக்கினால் காணும்.

நிலாவெளிக் கரை

வயல்காற்று, ஹம்பக்கர் உங்கள் விருப்பம். ஆனால் அந்தப் பிரிட்ஜைத் தம்பியிடம் சொல்ல வேண்டாம், அது உயரக் கணக்கில் இடிக்கும்.

ஃபெண்டர் வகை நெக்கின் அடி, ஃபிங்கர்போர்டோடு சேர்த்து ஏறக்குறைய 25.4 மி.மீ. தடிப்பு. அது உட்காரும் குழி 16 மி.மீ. ஆழம். ஆகவே ஃபிங்கர்போர்டு பாடிக்கு மேலே ஒன்பதரை மி.மீ. அளவில்தான் நிற்கும். டெலியின் தட்டையான பிரிட்ஜ் அந்த உயரத்துக்கு அளவாய்ச் செய்யப்பட்டது. டியூன்-ஓ-மேட்டிக் அதைவிட உயரம். அதைப் பூட்டினால் கம்பி நெக்கில் இருந்து எட்டத்துக்குப் போய்விடும், எவ்வளவு இறக்கினாலும் காணாது. அதற்குக் குழியைச் சரிவாய் வெட்டி நெக்கைப் பின்னால் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிட்ஜையே மரத்துக்குள் தாழ்த்திப் பதிக்க வேண்டும். இரண்டும் முதல் கிற்றாருக்கு வேண்டாத வேலை.

பாகம் வாங்கும்போது விலையைவிட அளவைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஒவ்வொரு பாகமும் தனியாய் நல்லதாய் இருக்கும், ஒன்றோடு ஒன்று சேராது.

தம்பி, பிரிட்ஜ் வாங்குமுன் கம்பிகளுக்கு இடையிலான தூரத்தைக் கேளுங்கள். 10.5 மி.மீ., 10.8 மி.மீ. இரண்டும் கடையில் இருக்கும். நட் 42 மி.மீ. அகல நெக்குக்கு 10.5 பாதுகாப்பு. அதைவிட அகலமான பழைய ஸ்ட்ராட் அளவுப் பிரிட்ஜை வைத்தால் முதலாம் கம்பி ஃபிங்கர்போர்டின் ஓரத்தால் வழுக்கி விழும். டியூனர் ஓட்டை 10 மி.மீ. என்கிறீர்கள், அது புதிய வகை டியூனருக்கானது. பழைய வகைக்கு ஓட்டை எட்டரை மி.மீ. அளவு. பழைய வகை வாங்கிவிட்டால் இடைவெளிக்கு வளையம் தேட வேண்டி வரும்.

இன்னொன்று. டெலியின் பழைய பாணிப் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடில் மூன்றுதான், இரண்டு கம்பிக்கு ஒன்று. சுருதியைக் கம்பி கம்பியாய்ச் சரிசெய்ய வராது. பைலாவில் மேல் ஃப்ரெட்டுகளில் கோர்ட் வெட்டி வாசிப்பீர்கள், அங்கே சுருதி கொஞ்சம் பிசகினாலும் காதில் குத்தும். ஆறு சேடில் பிரிட்ஜ் எடுங்கள்.

ஆறுகம்பி

நன்றி அண்ணாமாரே. பழைய அலுமாரி ஒன்றின் பலாப் பலகை கிடைத்திருக்கிறது. இரண்டாய் ஒட்ட வேண்டும். வரைபடத்தை இணையத்தில் எடுத்து அச்சிட்டால் காணுமா? பிரிட்ஜ் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை எப்படிக் கணக்கிடுவது? அதில் ஒரு மி.மீ. பிழைத்தாலும் போச்சு என்கிறார்களே.

கொட்டியாரன் (மூதூர்)

வெளிவடிவத்துக்கு அச்சுப்படம் காணும். நெக் குழிக்குக் காணாது. அச்சு இயந்திரம் அளவைச் சுருக்கும், நெக் செய்தவனும் அரை மி.மீ. கூட்டிக் குறைத்திருப்பான். உங்கள் நெக்கைத்தான் அளவுகோலாய் வையுங்கள். அதன் அடியை மெல்லிய பலகையில் வைத்து, இரண்டு பக்கமும் நேர்ச்சட்டம் அணைத்து ஒட்டி, ரவுட்டருக்கு அச்சு செய்யுங்கள். குழி 56 மி.மீ. அகலத்துக்குக் கிட்ட வரும். இறுக்கம் எப்படி இருக்க வேண்டும் என்றால், ஸ்குரூ போடாமலே நெக்கைப் பிடித்துத் தூக்கினால் பாடியும் கூடவே எழும்ப வேண்டும். அடித்து இறக்குகிற அளவு இறுக்கம் கூடாது, பிறகு லக்கர் பூசினால் ஓரம் வெடிக்கும். குழிக்குள் லக்கர் படாமல் டேப் ஒட்டி மறையுங்கள்.

ரவுட்டரை ஒரே இழுவையில் 16 மி.மீ. ஆழத்துக்கு இறக்காதீர்கள். நாலு ஐந்து மி.மீ. ஆய் இறக்குங்கள். முதலில் ட்ரில்லால் மரத்தைக் குடைந்து எடுத்துவிட்டால் ரவுட்டருக்குப் பாரம் குறையும். கண்ணாடி, முகக்கவசம் இரண்டும் போடுங்கள்.

நிலாவெளிக் கரை

பிரிட்ஜ் இடத்துக்குக் கணக்குப் புத்தகம் தேவையில்லை. நெக்கைக் குழியில் பூட்டுங்கள். நட்டின் முன் விளிம்பில் இருந்து 12ஆம் ஃப்ரெட்டின் நடு வரை அளவுங்கள். ஸ்கேல் (நட்டில் இருந்து பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்) 648 மி.மீ. என்றால் 324 மி.மீ. வர வேண்டும். அதே தூரத்தை 12இல் இருந்து பாடிப் பக்கம் குறியுங்கள். முதலாம் கம்பியின் சேடில் அந்தக் கோட்டில் வரும். அந்தச் சேடிலை ஸ்குரூவால் முன்னுக்குத் தள்ளி, பின்னால் போக நிறைய இடம் விட்டு வையுங்கள். தடித்த கம்பிகளுக்கு நீளம் கூட வேண்டும், ஆறாம் கம்பியின் சேடில் முதலாவதைவிட மூன்று நாலு மி.மீ. பின்னால் போவது வழமை. முன்னுக்கு இடம் தேவைப்படாது, பின்னுக்குத்தான் தேவை. இதைப் புரிந்துகொண்டால் ஒரு மி.மீ. பயம் போய்விடும்.

பயப்பட வேண்டியது பக்கவாட்டுக்குத்தான். பிரிட்ஜுக்கு ஓட்டை போடுமுன் இரண்டு நூல் எடுங்கள். முதலாம், ஆறாம் டியூனரில் கட்டி, நட் வெட்டுகள் வழியாய், பிரிட்ஜின் இரண்டு ஓரச் சேடிலுக்கும் இழுத்துப் பிடியுங்கள். பிரிட்ஜை டேப்பால் ஒட்டி வைத்தால் அசைத்துப் பார்க்கலாம். கடைசி ஃப்ரெட்டில் இரண்டு பக்கமும் ஓரத்து இடைவெளி ஒன்றாய் வரும்வரை நகர்த்துங்கள். பிறகுதான் பென்சில். பிறகுதான் ட்ரில்.

நெக் ஸ்குரூ விஷயத்தில் கனபேர் கவனிக்காத ஒன்று. பாடியில் உள்ள ஓட்டை ஸ்குரூவைவிடச் சற்றுப் பெரிதாய் இருக்க வேண்டும், ஸ்குரூ கையாலேயே தள்ளுப்பட வேண்டும். மரை பிடிப்பது நெக்கில் மட்டும். பாடியும் மரையைப் பிடித்தால் இரண்டுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி விழுந்து, எவ்வளவு முறுக்கினாலும் நெருங்காது. மேப்பிளில் 3.2 மி.மீ. ஓட்டை போட்டு, ஸ்குரூவில் மெழுகுதிரி பூசி இறக்குங்கள். மேப்பிள் கடும் மரம், மெழுகு இல்லாமல் முறுக்கினால் தலை முறியும்.

வயல்காற்று (தம்பலகாமம்)

ஒரு யோசனை. ஃபெண்டர் பெயரை ஸ்டிக்கராய் அச்சடித்துத் தருகிற இடங்கள் இருக்கின்றன. தலையில் ஒட்டி மேலே லக்கர் பூசினால் வித்தியாசமே தெரியாது. நாளைக்கு விற்கும்போது விலையும் வரும்.

மின்தொடுப்பு (திருக்கடலூர்)

தம்பி வயல்காற்று, இதை மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். டெலியின் உடல் வடிவத்தை யாரும் செய்யலாம் என்கிற நிலைதான் இருக்கிறது. ஃபெண்டர் அந்த வடிவங்களைத் தன் வணிகக்குறியாய்ப் பதியக் கேட்டபோது 2009இல் அமெரிக்காவில் மறுத்துவிட்டார்கள். பெயரும் தலையின் வடிவமும் வேறு கதை, அவை அவர்களுடையவை. பொய்ப்பெயர் ஒட்டிய கிற்றார் ஒரு கை மாறினால், அதை வாங்குகிற பிள்ளை ஏமாறும். திருகோணமலை சின்ன ஊர், அந்தப் பிள்ளை நம் பக்கத்து வீட்டுப் பிள்ளையாய் இருக்கும். பலா மரத்தில் நீங்களே கட்டிய கிற்றாருக்கு உங்கள் பெயரையே போடுங்கள். அதில் என்ன குறை?

வயல்காற்று (தம்பலகாமம்)

விளங்கியது அக்கா. விற்கிற பக்கத்தை நான் அப்படி யோசிக்கவில்லை. அந்த யோசனையை விடுவோம்.

மின்தொடுப்பு (திருக்கடலூர்)

சரி, இனி வயரிங். ஆறுகம்பி சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்தான் என்று முடிவு செய்தால் 250 கிலோஓம் பொட் (திருகி மாற்றும் மின்தடை) இரண்டு, ஒலியளவுக்கும் டோனுக்கும். ஹம்பக்கருக்கு 500. காரணம் சின்னது: பொட்டின் பெறுமானம் குறையக் குறைய மேல் ஒலிகள் மண் இணைப்புக்கு (எர்த்) கசியும். சிங்கிள் காயில் இயல்பிலேயே கூர், 250 அதன் முனையைக் கொஞ்சம் மழுக்கும். டோன் கபாசிட்டர் 0.047 மைக்ரோஃபரட் டெலிக்கு வழமை, 0.022 போட்டால் டோனை மூடும்போது சத்தம் மங்குவது குறையும். எண்ணெய்க் கடதாசிக் கபாசிட்டர் என்று பத்து மடங்கு விலை சொல்வார்கள். பெறுமானம் ஒன்று என்றால் சாதாரணப் பொலியெஸ்டரே காணும், அந்தக் காசில் நல்ல சுவிட்ச் வாங்குங்கள்.

பொட் வாங்கும்போது அதன் மரைக்கழுத்தின் விட்டத்தைப் பாருங்கள். சிறிய பொட்டுக்கும் பெரிய பொட்டுக்கும் ஓட்டை வேறு, டெலியின் இரும்புத் தட்டில் பெரிதுக்குத்தான் வெட்டியிருப்பார்கள். தண்டு பிளந்ததா முழுதா என்பதற்கேற்ப மேலே மாட்டும் நொப் (குமிழ்) மாறும்.

சோல்டர் பண்ண 40 வோட்டுக்குக் குறைந்த அயன் வேண்டாம். பொட்டின் முதுகு சூட்டை உறிஞ்சிவிடும், சின்ன அயனை வைத்து நிமிடக்கணக்காய்ப் பிடித்தால் உள்ளே உள்ள கார்பன் தடம் பழுதாகும். முதுகைச் சாண்ட் பேப்பரால் உரசி, சூடான அயனால் இரண்டு மூன்று செக்கனில் முடியுங்கள். குழாய்க்காரர் பாவிக்கிற அமிலப் பசையைக் கிட்டவும் எடுக்காதீர்கள். நம் கடல் காற்றில் அந்த அமிலம் வயரை அரித்துவிடும்.

பிரிட்ஜுக்குக் கீழே ஒரு வயர் போய்ப் பொட்டின் முதுகோடு சேர வேண்டும். பிரிட்ஜை இறுக்குமுன் போடுங்கள், பிறகு இடம் கிடைக்காது.

கொட்டியாரன் (மூதூர்)

பூச்சு பற்றிக் கேட்க முன்னமே சொல்லிவிடுகிறேன். தளபாடக் கடைக்காரர் அடிக்கிற சீலரும் லக்கரும் நல்லாய் வேலை செய்யும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் இருக்கும்போது லக்கர் காய்கையில் நீர் படிந்து வெள்ளை மூட்டமாய்ப் போகும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் ஈரம் இல்லை, தூசி இருக்கிறது. விடியற்காலையில், காற்று எழும்புமுன் அடித்து அறைக்குள் எடுத்துவிடுங்கள். மெல்லிசாய்ப் பல தடவை.

ஸ்ப்ரே இல்லாவிட்டால் ஆளிவிதை எண்ணெய் தேய்க்கலாம், பலாவின் ரேகை அதில் எழும்பி நிற்கும். தேய்த்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாய்த் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து எறியுங்கள். இதை நான் பட்டறைப் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறேன்.

நிலாவெளிக் கரை

மரத்தால் சத்தம் மாறுமா என்று ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் எல்லாரும் மனதில் வைத்திருக்கிறீர்கள். என் கருத்து: எலெக்ட்ரிக் கிற்றாரில் பிக்கப் கம்பியின் அசைவைத்தான் காந்தத்தால் பிடிக்கிறது. மரத்தின் பெயர் அதற்குத் தெரியாது. பாரம், உறுதி, நெக் குழியின் இறுக்கம் இவை கம்பி நீண்டு ஒலிப்பதில் கொஞ்சம் பங்கெடுக்கும்.

கொட்டியாரன் (மூதூர்)

கொஞ்சம் அல்ல. பூட்டிய நெக்கைத் தட்டிப் பாருங்கள், ஆம்ப் இல்லாமலே ஒரு பாடி நாதம் தரும், ஒன்று செத்துக் கிடக்கும். அதை ஆம்பில் போட்டாலும் எனக்கு வித்தியாசம் கேட்கிறது. இதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போக மாட்டோம், பரவாயில்லை. ஆனால் மரம் பெயரால் உயர்வதில்லை என்பதில் ஒத்துப்போவோம். குயின் என்ற ராக் குழுவின் கிற்றார்க்காரர் பிரையன் மே 1963இல் தகப்பனோடு சேர்ந்து கட்டத் தொடங்கிய ரெட் ஸ்பெஷலுக்கு நெக் பழைய அடுப்புச் சட்டத்தின் மகோகனி. ஃபிங்கர்போர்டில் உள்ள புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த பொத்தான்கள். அந்தக் கிற்றார்தான் குயின் குழுவின் சத்தம். அலுமாரிப் பலகைக்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

ஆறுகம்பி

பூட்டி முடித்தாயிற்று. பலா பாடி, எண்ணெய்ப் பூச்சு, ஆறு சேடில், இரண்டு வெவ்வேறு கொம்பனிகளின் சிங்கிள் காயில். இரண்டு கரைச்சல் இருக்கிறது. ஒன்று, தனித்தனியாய் இரண்டு பிக்கப்பும் நல்லாய் இருக்கின்றன, சுவிட்சை இரண்டும் சேரும் நடு நிலைக்கு மாற்றினால் சத்தம் மெலிந்து தகரம் மாதிரி ஆகிறது. இரண்டு, வீட்டில் இரைச்சல் கூட. கம்பியைத் தொட்டால் குறைகிறது.

மின்தொடுப்பு (திருக்கடலூர்)

முதலாவது ஃபேஸ் பிரச்சினை, அதாவது இரண்டு பிக்கப்பின் சிக்னலும் எதிரெதிராய்ப் போய் ஒன்றை ஒன்று குறைக்கிறது. இரண்டு கொம்பனி பிக்கப் என்றால் அடிக்கடி வரும். ஒன்றின் இரண்டு வயரை மாற்றிப் பிடித்தால் போகும், ஆனால் டெலியின் நெக் பிக்கப்பில் மாற்றுமுன் நில்லுங்கள். அதன் உலோக மூடி கறுத்த வயரோடு இணைந்திருக்கும். வயரை மாற்றினால் மூடி சிக்னல் பக்கம் போய்விடும், கை பட்டவுடன் இரையும். மூடிக்குப் போகிற சின்ன இணைப்பை வெட்டி, அதற்குத் தனி மண் வயர் போடுங்கள். பிறகு மாற்றலாம். அதைச் செய்துவிட்டால் பின்னாளில் நான்கு நிலைச் சுவிட்ச் போட்டு இரண்டையும் தொடராய் இணைக்கவும் வழி திறக்கும். அந்தச் சத்தம் தடிப்பு, வயல்காற்று கேட்கிற ஹம்பக்கருக்குக் கிட்ட.

எது மாறியிருக்கிறது என்று பார்க்க, மீற்றரை மில்லிவோல்ட் டி.சி.யில் வைத்து, ஸ்குரூ டிரைவரைப் பிக்கப்பின் காந்தத்தில் தட்டுங்கள். ஒன்றில் கூட்டல் பக்கம் துள்ளும், ஒன்றில் கழித்தல் பக்கம்.

இரண்டாவது. தொட்டால் குறைகிறது என்றால் மண் இணைப்பு சரி என்று அர்த்தம். தொட்டால் கூடினால்தான் வயரிங் பிழை. மிச்சம் வெளியில் இருந்து வருகிற இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அது கிட்டத்தட்ட ஜி சுரம். ஜி கோர்ட் பிடிக்கும்போது இரைச்சல் ஒளிந்துகொள்ளும், ஏ பிடித்தால் வெளியில் தெரியும். சிங்கிள் காயிலில் இதை முழுதாய் அகற்ற முடியாது. குழிகளுக்குள் செப்புத் தகட்டு டேப் ஒட்டி, துண்டுகளை ஒன்றோடொன்று சோல்டரால் தொட்டு, மண்ணோடு இணையுங்கள். நெக் பிக்கப்பின் குழியை விட்டுவிடாதீர்கள்.

அது இரைச்சலா, கீச்சலா? கீச்சல் என்றால் அறையில் உள்ள மின்விசிறி ரெகுலேட்டரை அணைத்துப் பாருங்கள். புதிய இலத்திரனியல் ரெகுலேட்டர் நடு வேகத்தில் மோசமாய்க் கத்தும்.

ஆறுகம்பி

அக்கா, ரெகுலேட்டர்தான்! அணைத்தவுடன் பாதி போய்விட்டது. மிச்சத்துக்குச் செப்பு டேப் ஒட்டுகிறேன். இன்னொரு சந்தேகம், கலியாண வீட்டில் ஆம்பின் மூன்றாம் பின்னை விட்டுவிட்டுக் குத்தினால் இரைச்சல் குறையும் என்று ஒரு அண்ணா சொன்னார்.

மின்தொடுப்பு (திருக்கடலூர்)

வேண்டாம். எந்த நிலையிலும் வேண்டாம். கிற்றாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாய், கேபிள் வழியாய், ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கின்றன. ஆம்புக்குள் பழுது வந்து சட்டத்தில் 230 வோல்ட் ஏறினால் அதைக் கொண்டுபோவது அந்த மூன்றாம் பின். அது இல்லாவிட்டால் உங்கள் கை கம்பியில், உதடு மைக்கில், மின்சாரம் நடுவால் போகும். பந்தலில், ஜெனரேட்டரில், ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்கிறவர்கள் நாங்கள். வாசிக்குமுன் சோதனை டிரைவரால் மைக்கையும் கம்பியையும் தொட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். வீட்டு ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள்.

ஆறுகம்பி

விளங்கியது அக்கா. இனிக் கடைசிக் கேள்வி. மழை தொடங்கிய பிறகு கம்பி உயர்ந்துவிட்டது. ட்ரஸ் ரொட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் இரும்புக் கோல்) திருப்ப வேண்டும் என்று தெரியும், ஆனால் என் நெக்கில் அது தலையில் இல்லை, அடிப்பக்கத்தில் குழிக்குள் ஒளிந்திருக்கிறது. எப்படித் திருப்புவது?

நிலாவெளிக் கரை

பழைய பாணி நெக் தம்பி. கழற்றாமல் வராது. முதலில் அளவுங்கள்: முதலாம் ஃப்ரெட்டில் கப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, 7ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி பாருங்கள். கால் மி.மீ. அளவு இருக்க வேண்டும். கூட இருந்தால் மட்டும் ரொட்டைத் தொடுங்கள். இடைவெளி சரியாய் இருந்து 12இல் உயரம் 2 மி.மீ.க்கு மேல் என்றால் சேடிலை இறக்குங்கள், ரொட் தேவையில்லை.

திருப்புவதென்றால் கம்பியைத் தளர்த்தி, கப்போவைப் போட்டு விடுங்கள், கம்பி டியூனரில் இருந்து கழராது. நான்கு ஸ்குரூவையும் எடுத்து நெக்கைச் சரித்து, ரொட்டின் அடியில் உள்ள நட்டை வலப்பக்கம் எட்டில் ஒரு சுற்று. பூட்டி, சுருதி கூட்டி, ஒரு இரவு விட்டு அளவுங்கள். காணாவிட்டால் மீண்டும் எட்டில் ஒன்று. ஸ்குரூவைத் திரும்ப இறக்கும்போது முதலில் இடப்பக்கம் சுழற்றினால் ஒரு சின்னத் துள்ளல் கையில் தெரியும், பழைய மரையில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வலப்பக்கம் இறுக்குங்கள். இப்படிச் செய்தால் எத்தனை தரம் கழற்றினாலும் மேப்பிளில் மரை தேயாது.

கச்சான் தொடங்கியவுடன் இதையே எதிர்ப்பக்கமாய்ச் செய்ய வேண்டி வரலாம். அப்போது ஃபிங்கர்போர்டு சுருங்கி ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் கையைக் கீறும், சின்ன அரத்தால் உரசிவிடுங்கள். சேடிலின் சின்ன ஸ்குரூக்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிறோம், விடாவிட்டால் அடுத்த வருடம் அவை திரும்பாது.